டேக் கார்டு தப்பான ரீடிங் காட்டினால்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கணினியோடு இணைத்த டேக் கார்டுக்கு, அதாவது தரவு சேகரிப்பு அட்டைக்கு, வெப்பநிலை தெரியாது, எடை தெரியாது, அழுத்தமும் தெரியாது. தன் இரண்டு திருகுகளுக்கு நடுவே இந்த நொடியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். டிகிரி, கிலோ, பார் எல்லாம் நாம் மென்பொருளில் ஒட்டிவைத்த பெயர்கள். "கார்டு பொய் சொல்கிறது" என்று கொண்டுவரப்படும் கேஸ்களில் பெரும்பாலானவற்றில் கார்டு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் திருகுகளுக்கு நடுவே நாம் நினைத்த வோல்ட் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை, மென்பொருளில் ஸ்கேலிங்கை, அதாவது வோல்ட்டை டிகிரியாக, கிலோவாக மாற்றும் கணக்கை, நிறுத்திவிட்டு வெறும் வோல்ட்டைப் பார்ப்பது. "சூளை 412 டிகிரி காட்டுகிறது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. "16.9 மில்லிவோல்ட் வருகிறது" என்றால் தேடலாம். சென்சாரின் அட்டவணையைப் பார்த்து, வர வேண்டிய வோல்ட் எவ்வளவு என்பதைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சேனலின், அதாவது அந்த உள்ளீட்டின், ரேஞ்ச் (எத்தனை வோல்ட் வரை அளக்கும்), டிஃபரென்ஷியலா (பிளஸ், மைனஸ் இரண்டு முனைக்கும் உள்ள வேறுபாட்டை அளப்பது) சிங்கிள் எண்டடா (ஒரு முனையைக் கார்டின் கிரவுண்டோடு ஒப்பிட்டு அளப்பது), சாம்பிள் வேகம் (நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது) இந்த மூன்றையும் குறித்துவிடுங்கள். தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது குற்றவாளி என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த மாதம் அதே பிழை திரும்பி வரும்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண கார்டுகள் பிளஸ், மைனஸ் 10 வோல்ட் அளவுக்குச் செய்யப்பட்டவை. இயந்திரத்தின் கிரவுண்டுக்கும் கார்டின் கிரவுண்டுக்கும் நடுவே வயரை இணைக்கும் முன், மல்டிமீட்டரை ஏசியில் ஒரு முறை, டிசியில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இணைக்காதீர்கள். அங்கே தேவைப்படுவது தனிமைப்படுத்திய, அதாவது ஐசோலேஷன் உள்ள மாட்யூல்.

முதலில் பாதியாகப் பிரியுங்கள்

பிழை சென்சார், வயர் பக்கமா? கார்டு, மென்பொருள் பக்கமா? இதைத் தெரிந்துகொள்ள மூன்று சோதனைகள் போதும், பத்து நிமிட வேலை.

சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த சேனலின் பிளஸ், மைனஸ் இரண்டையும் சிறு வயர் துண்டால் ஷார்ட் செய்து, அப்படியே கார்டின் அனலாக் கிரவுண்டிலும் (அளவுக்குப் பூஜ்யமாக வைத்திருக்கும் திருகு) கட்டுங்கள். ரீடிங் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 10 வோல்ட் ரேஞ்சில் ஓரிரு மில்லிவோல்ட் தள்ளி இருந்தால் கவலை இல்லை. அரை வோல்ட் என்றால் பிழை கார்டு பக்கம், அல்லது நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வேறு சேனல். பின்னது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அடுத்தது ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. புதியது என்றால் 1.5 முதல் 1.6 வரை காட்டும். மீட்டரில் அளந்த எண்ணும் கார்டு காட்டும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். டிஃபரென்ஷியல் சேனல் என்றால், பேட்டரியின் மைனஸிலிருந்து அனலாக் கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் சோதனையே தப்பான பதில் சொல்லும். ஏன் என்பது கீழே முதல் அறிகுறியில் வருகிறது.

மூன்றாவது, சென்சாரைத் திரும்ப மாட்டி, கார்டின் அதே திருகுகளில் மல்டிமீட்டர் முனைகளை வைப்பது. சென்சாரின் பக்கத்திலோ நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸிலோ வைக்கக் கூடாது, கார்டின் திருகிலேயே வைக்க வேண்டும். மீட்டரும் கார்டும் ஒரே எண்ணைச் சொன்னால் கார்டை விட்டுவிட்டு வயர் வழியே பின்னால் போங்கள். வேறுபட்டால் கார்டு பக்கம் தேடுங்கள். மீட்டர் மெதுவாகச் சராசரி எடுத்துக் காட்டும் கருவி என்பதால் இரைச்சல் அதில் தெரியாது. "மீட்டரில் நிலையாக இருக்கிறது, கார்டில்தான் ஆடுகிறது" என்பது கார்டுக்கு எதிரான சாட்சி ஆகாது. அப்புறம், சிங்கிள் எண்டட் சேனலில் மீட்டர் முனையை வைத்தவுடனே கார்டு ரீடிங் சட்டென்று மாறினால், அதுவே ஒரு துப்பு. மீட்டரின் 10 மெகா ஓம் அங்கே பாரமாகத் தெரிகிறது என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சென்சாரின் வெளியீட்டு மின்தடை அளவுக்கு மீறி இருக்கிறது.

இனி அறிகுறிகள்.

ரீடிங் உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது

9.99 வோல்ட்டிலோ மைனஸ் 10 வோல்ட்டிலோ கோடு போட்டது போல நிற்கும். முதலில் எளியதைப் பாருங்கள். சிக்னல் உண்மையிலேயே ரேஞ்சைத் தாண்டுகிறதா? 5 வோல்ட் சென்சாரை 1 வோல்ட் ரேஞ்சில் வைத்திருந்தால் இப்படித்தான் முட்டி நிற்கும்.

அது இல்லையென்றால், வயரைக் கழற்றி மாட்டி முதல் சில நொடிகளைக் கவனியுங்கள். ரீடிங் சரியான இடத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறிப் போய் உச்சத்தில் ஒட்டுகிறதா? அப்படியென்றால் நோய் தெரிந்துவிட்டது. டிஃபரென்ஷியல் சேனலின் இரண்டு முனைகளிலும் மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்று எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். அது கிரவுண்டுக்குத் திரும்ப ஒரு வழி வேண்டும். பேட்டரி, தெர்மோகப்பிள் (இரு வேறு உலோக வயர்களை முனையில் இணைத்த வெப்பநிலை சென்சார்), தனி டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் சென்சார் போன்றவை எந்தக் கிரவுண்டோடும் ஒட்டாமல் மிதப்பவை. அந்தக் கசிவுக்குப் போக்கிடம் இல்லாததால் இரண்டு வயரும் சேர்ந்தே மேலே மிதந்து போய், கார்டு தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும்.

மருந்து மலிவானது. மைனஸ் முனையிலிருந்து அனலாக் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் முதல் 100 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர். சென்சாரின் மின்தடை அதிகம் என்றால் பிளஸ் பக்கமும் அதே அளவில் ஒன்று. தெர்மோகப்பிளில் மைனஸை நேரடியாகக் கிரவுண்டில் கட்டுபவர்களும் உண்டு. அதன் முனை எந்த உலோகத்தையும் தொடாதவரை அது சரி. முனை இயந்திரத்தின் உடலோடு பற்றவைத்த வகை என்றால் ஏற்கெனவே ஒரு கிரவுண்டு இருக்கிறது. இரண்டாவதாக ஒன்றைக் கட்டினால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கிரவுண்டுகளுக்கு நடுவே மின்னோட்டம் சுற்றும் வளையம், உண்டாகி, ஒரு நோய்க்குப் பதில் இன்னொன்று வந்து சேரும்.

தெர்மோகப்பிள் மாட்யூல்கள் சிலவற்றில் அறுந்த வயரைக் காட்டிக்கொடுக்கும் வசதி உண்டு. வயர் அறுந்தால் வேண்டுமென்றே ரீடிங்கை உச்சத்துக்குத் தள்ளிவிடும். மீட்டரை ஓமில் வைத்து தெர்மோகப்பிளை அளந்தால் அது உடனே தெரிந்துவிடும்.

சென்சாரே இல்லாத சேனலில் ரீடிங் வருகிறது

இது பேய் இல்லை, ஆனால் இதற்குப் பெயர் கோஸ்டிங். காலியான சேனல் 3-இல், சேனல் 2-இன் நிழல் ஆடும். அல்லது சேனல் 2-இல் வோல்ட் ஏறினால், நன்றாக இருந்த சேனல் 3-உம் கொஞ்சம் ஏறும்.

பெரும்பாலான கார்டுகளில் 16 சேனல் இருந்தாலும் உள்ளே இருக்கும் அனலாக் டு டிஜிட்டல் கன்வெர்ட்டர் ஒன்றே ஒன்றுதான். ஒரு மின்னணுச் சுவிட்ச் சேனல்களை வரிசையாக அதனிடம் கொண்டுபோய்க் காட்டும். சேனல் 2-ஐப் பார்த்து முடித்தபோது உள்ளே இருக்கும் சிறு கெபாசிட்டரில் அந்த வோல்ட் தங்கியிருக்கும். சேனல் 3-க்கு மாறியதும் அந்த மின்னூட்டம் வடிந்து புது அளவுக்கு வர வேண்டும். சேனல் 3 காலி என்றால் வடிய வழியே இல்லை, பழையதே தெரியும். அதனால் காலிச் சேனலின் ரீடிங்கைப் பார்த்துப் பதறாதீர்கள். ஸ்கேன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கிரவுண்டில் ஷார்ட் செய்துவிடுங்கள்.

சென்சார் மாட்டிய சேனலிலும் நிழல் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே சென்சாரின் மின்தடை அதிகம், கார்டு ஓடும் வேகமும் அதிகம். ஒரு கணக்கைப் பார்ப்போம். சென்சாரின் வெளியீட்டு மின்தடை 100 கிலோ ஓம், உள்ளே உள்ள கெபாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 10 மைக்ரோ விநாடி. 16 பிட் துல்லியத்துக்கு, அதாவது 65,536-இல் ஒரு பங்கு வரை, அடங்க இதைப் போலச் சுமார் 11 மடங்கு நேரம் வேண்டும், அதாவது ஒரு சேனலுக்கு 110 மைக்ரோ விநாடி. ஆக, எல்லா சேனல்களும் சேர்ந்து நொடிக்கு 9,000 சாம்பிளைத் தாண்டினால் நிழல் விழத் தொடங்கும். கார்டின் பெட்டியில் 2,50,000 என்று அச்சடித்திருக்கும். அந்த எண் மின்தடை குறைவான சிக்னலுக்கு மட்டுமே பொருந்தும்.

உறுதி செய்ய, பக்கத்துச் சேனலில் பேட்டரியை வைத்து எடுங்கள். சந்தேகச் சேனல் கூடவே ஆடினால் இதுதான். வேகத்தைக் குறையுங்கள். குறைக்க முடியாது என்றால் சென்சாருக்கும் கார்டுக்கும் நடுவே ஓர் ஆப் ஆம்ப் பஃபர் (வோல்ட்டை மாற்றாமல், குறைந்த மின்தடையோடு கார்டுக்குக் கொடுக்கும் சிறு சுற்று) வையுங்கள். மென்பொருளிலேயே முடிக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு: ஸ்கேன் பட்டியலில் அந்த சேனலை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டு, முதல் ரீடிங்கை வீசிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்வது. அழகான தீர்வு இல்லை, ஆனால் வேலை செய்யும். மில்லிவோல்ட் சேனலையும் 10 வோல்ட் சேனலையும் பட்டியலில் அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஒரே ரேஞ்ச் உள்ளவற்றை ஒன்றாக அடுக்குங்கள்.

ரீடிங் தடித்த கோடாக ஆடுகிறது

நொடிக்கு 1,000 சாம்பிள் வேகத்தில் ஒரு நொடி மட்டும் பதிவு செய்து, வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முகட்டுக்கு முகடு 20 மில்லி விநாடி இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ், மின் இணைப்பின் ரீங்காரம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 16.7 மில்லி விநாடி இருக்கும். ஒழுங்கில்லாமல் ஊசி ஊசியாகக் குத்தினால் அருகில் ரிலே, மோட்டார் டிரைவ், வெல்டிங் போன்ற ஏதோ ஒன்று இயங்குகிறது. அதை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

ரீங்காரம் என்றால், லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியில் ஓடும்போது ஆட்டம் சட்டென்று அடங்கினால், உங்கள் கிரவுண்டு இரண்டு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது: ஒன்று சார்ஜர் வழியாக, இன்னொன்று சென்சாரின் இயந்திரம் வழியாக. இரண்டு கிரவுண்டுகளும் ஒரே வோல்ட்டில் இருப்பதில்லை. அந்த வேறுபாடு சிங்கிள் எண்டட் சேனலில் அப்படியே சிக்னலோடு சேர்ந்துவிடும். டிஃபரென்ஷியலுக்கு மாறுங்கள். மாறியும் தீரவில்லை என்றால் யுஎஸ்பி ஐசோலேட்டர் அல்லது ஐசோலேஷன் உள்ள மாட்யூல்தான் வழி. சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டாம், ரீடிங்கை விட உயிர் பெரியது.

சார்ஜரால் மாற்றம் இல்லையென்றால் வயரிங்கைப் பாருங்கள். பிளஸ், மைனஸ் இரண்டும் முறுக்கிய ஜோடியாக வருகின்றனவா? ஷீல்டு, அதாவது வயரைச் சுற்றியுள்ள உலோக உறை, ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் இருக்கிறதா? இரண்டு முனையிலும் கட்டியிருந்தால் ஷீல்டே ஒரு கிரவுண்ட் லூப். மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் போகிறதா? ஒரு தற்காலிக வயரை வேறு வழியில் தரையில் ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

மிச்சம் இருப்பதைச் சராசரி எடுத்து அழிக்கலாம். அதற்குச் சரியான நேரம் 100 மில்லி விநாடி, அல்லது அதன் மடங்குகள். 50 ஹெர்ட்ஸில் அது 5 முழு அலை, 60 ஹெர்ட்ஸில் 6 முழு அலை. இரண்டிலும் முழு அலை என்பதால் கூட்டினால் பூஜ்யமாகிவிடும்.

மெதுவான அலை, நிஜம் போலவே தெரிகிறது

என்னை அதிகம் அலையவிட்டது இந்த அறிகுறிதான். 60 டிகிரியில் நிறுத்த வேண்டிய ஒரு தண்ணீர்த் தொட்டி. வரைபடத்தில் வெப்பநிலை 61.5-க்கு ஏறும், 58.5-க்கு இறங்கும், ஏறி இறங்க ஒரு நிமிடம் போல. பார்த்தால் கண்ட்ரோலர்தான் ஊசலாடுகிறது என்று யாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, இரண்டு நாள் கண்ட்ரோலரின் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அலை அசையவே இல்லை. மூன்றாம் நாள் ஹீட்டரையே அணைத்துவிட்டேன். தண்ணீர் ஆறத் தொடங்கியது, சரிந்துகொண்டே போன கோட்டின் மேல் அதே அலை ஏறி உட்கார்ந்திருந்தது. ஆறுகிற தண்ணீர் எப்படி ஒன்றரை டிகிரி ஏறும்?

கார்டு நொடிக்கு 10 சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தது. 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வயரில் இருக்கிறது. சாம்பிளுக்குச் சாம்பிள் சரியாக 5 முழு அலை கடந்துவிடும். ஆக ஒவ்வொரு சாம்பிளும் ரீங்காரத்தின் ஒரே இடத்தில் வந்து விழுகிறது, ஆட்டமே தெரியாது. மின் இணைப்போ ஒருபோதும் மிகச் சரியாக 50 இல்லை. 50.02 என்று வைத்தால், விழும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகரும். அது ஒரு சுற்று வர 50 விநாடி. வேகமான ரீங்காரம் 50 விநாடி அலையாக வேஷம் போட்டு வருகிறது. அலியாசிங் என்பது இதுதான்.

கண்டுபிடிக்க ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். சாம்பிள் வேகத்தை 10-லிருந்து 11 ஆக்குங்கள். நிஜமான வெப்பநிலை அலைக்கு உங்கள் சாம்பிள் வேகம் தெரியாது, அது அப்படியே இருக்கும். போலி அலை உடனே உருமாறும். 50 ஹெர்ட்ஸ் 11-இல் மடங்கி 5 ஹெர்ட்ஸாகத் தெரியும், அந்த வழவழப்பான அலை தடித்த பட்டையாக மாறிவிடும். என் தொட்டியில் அப்படித்தான் மாறியது.

சரி, தீர்வு? சாம்பிள் எடுத்த பிறகு மென்பொருளில் ஃபில்டர் போட்டுப் பயனில்லை. வேஷம் போட்டு உள்ளே வந்துவிட்டதை அடையாளம் பிரிக்க முடியாது. நொடிக்கு 1,000 சாம்பிள் எடுத்து, நூறு நூறாகச் சராசரி போட்டு, நொடிக்கு 10 எண்ணாகச் சேமியுங்கள். வேகமாக எடுக்க முடியாத கார்டு என்றால் திருகுக்கு முன்னால் ஒரு ஆர்சி ஃபில்டர், அதாவது ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும்: 10 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட். இது 1.6 ஹெர்ட்ஸில் வெட்டும், 50 ஹெர்ட்ஸை ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காக்கிவிடும். வெப்பநிலை போல மெதுவாக மாறும் சிக்னலுக்கு மட்டும் இது சரி. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் போடாதீர்கள், அதன் கசிவு மின்னோட்டம் 10 கிலோ ஓமில் ஓடி புதிதாக ஒரு பிழையைச் சேர்க்கும்.

ரீடிங் படிக்கட்டு போல ஏறுகிறது

ரேஞ்ச் மிகப் பெரிது. 16 பிட் கார்டு மைனஸ் 10-லிருந்து பிளஸ் 10 வரையிலான 20 வோல்ட்டை 65,536 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 0.305 மில்லிவோல்ட். கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது 0.041 மில்லிவோல்ட்தான். ஆக ஒரு படி ஏழு டிகிரிக்கும் மேல். நடுவில் உள்ள ஆறு டிகிரி கார்டுக்குத் தெரியவே தெரியாது. 12 பிட் கார்டு என்றால் ஒரு படி 4.88 மில்லிவோல்ட், நூறு டிகிரிக்கும் மேல். அதை வைத்து அடுப்பு எரிகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லலாம்.

எடை அளக்கும் லோடு செல்லிலும் இதே கதைதான். ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல்லுக்கு 10 வோல்ட் எக்சைட்டேஷன் (அதை இயக்கும் சப்ளை) கொடுத்தால் முழுச் சுமையில் வருவது 20 மில்லிவோல்ட். 10 வோல்ட் ரேஞ்சில் அது 65 படி. 100 கிலோ செல் ஒன்றரை ஒன்றரை கிலோவாகத் தாவும்.

ரேஞ்சை 0.1 வோல்ட்டுக்கு மாற்றினால் அதே 16 பிட்டில் தெர்மோகப்பிளின் படி 0.07 டிகிரியாகச் சுருங்கும். கார்டில் அந்த ரேஞ்ச் இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதைக் கார்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் சென்சாருக்குப் பக்கத்தில் வையுங்கள். வழியில் சேரும் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குவதில் லாபம் இல்லை.

எப்போதும் ஒரே அளவு தள்ளி இருக்கிறது

தெர்மோகப்பிள் சுமார் அறை வெப்பநிலை அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறதா? கோல்ட் ஜங்ஷன் ஈடு செய்யப்படவில்லை. தெர்மோகப்பிள் தருவது சூடான முனைக்கும் கார்டின் திருகுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. திருகு இருக்கும் இடத்தின் வெப்பநிலையை இன்னொரு சென்சார் அளந்து கூட்ட வேண்டும். மென்பொருளில் அதை இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இயக்கியும் மூன்று நான்கு டிகிரி தள்ளி இருந்தால், டெர்மினல் பிளாக்கின் ஒரு பக்கம் பவர் சப்ளையின் சூடு படுகிறதா, ஃபேன் காற்று நேராக அடிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். திருகு ஒரு வெப்பநிலையிலும் அந்தச் சென்சார் வேறு வெப்பநிலையிலும் இருந்தால் கூட்டும் எண்ணே தப்பு. நடுவில் சாதாரணச் செப்பு வயரால் நீட்டியிருந்தாலும் இதே பிழைதான். நீட்டுவதற்கு அதே வகை தெர்மோகப்பிள் வயர்தான் வேண்டும்.

பிடி100 ஆர்டிடி (வெப்பநிலையோடு மின்தடை மாறும் பிளாட்டின சென்சார்) எப்போதும் கூடுதலாகக் காட்டினால் வயரின் மின்தடையைச் சந்தேகியுங்கள். இதன் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். இரண்டு வயர் இணைப்பில் வயரில் மட்டும் 1 ஓம் இருந்தால் 2.6 டிகிரி கூடிவிடும். மூன்று வயர், முடிந்தால் நான்கு வயர்.

4 முதல் 20 மில்லி ஆம்பியர் சென்சாரில் 250 ஓம் ரெசிஸ்டர் போட்டு 1 முதல் 5 வோல்ட்டாகப் படிப்பது வழக்கம். கடையில் எளிதில் கிடைப்பது 249 ஓம். ஸ்கேலிங்கில் 250 என்றே விட்டுவிட்டால் 0.4 சதவீதம் எப்போதும் குறையும். ரெசிஸ்டரை மீட்டரில் அளந்து, அந்த எண்ணையே மென்பொருளில் போடுங்கள். இந்த வகை சென்சாரில் ஒரு வசதி, 1 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே ரீடிங் வந்தாலே பழுது என்று தெரிந்துவிடும். பூஜ்யம் என்றால் வயர் அறுந்தது அல்லது சப்ளை போய்விட்டது.

லோடு செல் சுமை இல்லாதபோது பூஜ்யம் காட்டாதது பிழை இல்லை. டேர் செய்துவிட்டு, அதாவது அந்த எண்ணையே பூஜ்யமாக வைத்துவிட்டு, மேலே போங்கள்.

சூடானால் குறைகிறது, அழுத்தினால் இறங்குகிறது

பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. தெர்மோகப்பிள் வயரில் நிறம் ஒரு பொறி. அமெரிக்க முறையில் சிவப்புதான் மைனஸ், கே வகையில் மஞ்சள் பிளஸ். சர்வதேச ஐஇசி முறையில் வெள்ளை மைனஸ், கே வகையில் பச்சை பிளஸ். சிவப்பைக் கண்டதும் பிளஸில் மாட்டுவது எலக்ட்ரிக்கல் வேலை செய்த எல்லாக் கைகளுக்கும் பழக்கம். சென்சார் முனையிலும் நீட்டிப்பு முனையிலும் இரண்டு முறை மாற்றி மாட்டியிருந்தால் திசை சரியாகிவிடும், ஆனால் எண் சில டிகிரி தப்பாகவே நிற்கும். கண்டுபிடிக்க மிகவும் எரிச்சலூட்டுவது அதுதான்.

காலையில் ஒன்று, மதியம் ஒன்று

கார்டை இயக்கியவுடன் வரும் ரீடிங்கை நம்பாதீர்கள், அரை மணி நேரம் சூடாக விடுங்கள். அதற்குப் பிறகும் நகர்ந்தால், மலிவான யுஎஸ்பி கார்டுகளிலும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளிலும் ஒன்றைப் பாருங்கள்: ஒப்பிடும் வோல்ட்டாக யுஎஸ்பியின் 5 வோல்ட்டையே எடுத்துக்கொள்கிறதா? ஹப்பில் இன்னொரு கருவியை மாட்டினால் அது 4.8 ஆகும், உங்கள் எல்லா ரீடிங்கும் 4 சதவீதம் ஏறும். தனி ரெஃபரன்ஸ் கொடுங்கள். பொட்டென்ஷியோமீட்டர், பிரிட்ஜ் போன்ற சென்சார்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. எக்சைட்டேஷனையும் ஒரு சேனலில் படித்து, சிக்னலை அதனால் வகுத்துவிடுங்கள். சப்ளை ஆடினாலும் விகிதம் ஆடாது.

தொட்டால் வருகிறது, விட்டால் போகிறது

திருகு. வயரின் பிளாஸ்டிக் உறையின் மேல் திருகு இறுகியிருக்கும், செம்பு இழைகளில் ஒன்றிரண்டு மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு லோடு செல், அறைக் கதவை யாராவது சாத்தும்போதெல்லாம் அரை கிலோ தாவியது. திருகை இறுக்கிப் பார்த்தோம், இறுகித்தான் இருந்தது. வயரைப் பிடித்து மெல்ல இழுத்தபோது உறை மட்டும் கையோடு வந்தது, உள்ளே இழைகள் கருத்துப்போய்க் கிடந்தன. அன்றிலிருந்து எந்த வயரையும் கண்ணால் பார்த்து நம்புவதில்லை, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கிறேன். பல இழை வயருக்கு முனையில் ஃபெருல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாய்) அழுத்துங்கள்.

ரீடிங் முழுதாக நின்று போய், கார்டைப் பிடுங்கி மாட்டினால் வருகிறது என்றால் வயரைத் தேட வேண்டாம். கணினி மின்சாரம் மிச்சம் பிடிக்க யுஎஸ்பியைத் தூங்க வைக்கிறது. பவர் அமைப்பில் அதை நிறுத்துங்கள்.

எண்ணே அர்த்தமில்லாமல் வருகிறது

இது மென்பொருள் பக்கம். சரியாக இரண்டு மடங்கு, பாதி, நான்கு மடங்கு என்று வந்தால் கார்டில் ஒரு ரேஞ்சும் கணக்கில் வேறு ரேஞ்சும் இருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் ஆட வேண்டியது 2, 1, 0, 65535, 65534 என்று தாவினால், குறியுள்ள எண்ணைக் குறியில்லாததாகப் படிக்கிறீர்கள். 65535 அங்கே மைனஸ் 1.

சேனல் எண் 0-விலிருந்து தொடங்குகிறதா 1-லிருந்தா? டெர்மினலில் ஒரு மாதிரியும் மென்பொருளில் ஒரு மாதிரியும் இருப்பது சகஜம். பல 16 சேனல் கார்டுகளில் டிஃபரென்ஷியல் சேனல் 0 என்பது 0-வும் 8-உம் சேர்ந்த ஜோடி. 0-வுக்கும் 1-க்கும் நடுவே மாட்டினால் இரண்டும் மிதக்கும். சில மணி நேரம் சரியாக ஓடிவிட்டு, திடீரென்று அழுத்தத்தின் இடத்தில் வெப்பநிலையும் வெப்பநிலையின் இடத்தில் எடையும் வந்தால், சாம்பிள்கள் தற்காலிகமாகக் காத்திருக்கும் நினைவகமான பஃபர் நிரம்பி வழிந்து சில சாம்பிள்கள் தொலைந்திருக்கின்றன, வரிசை ஒன்று தள்ளிப்போய்விட்டது. டிரைவர் தரும் பிழைக் குறியீட்டை நிரலில் படிக்காமல் விட்டால் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறையும் பெரிய தொகுப்பாகப் படியுங்கள், பிழை வந்தால் நிறுத்தித் தொடங்குங்கள்.

கார்டே போய்விட்டதா

இவ்வளவுக்கும் பிறகு ஷார்ட் சோதனையில் பூஜ்யம் வராத சேனல் இருந்தால், கார்டில் அனலாக் அவுட்புட் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அதைச் சிறு வயரால் அந்த சேனலில் மாட்டி மைனஸ் 9, 0, பிளஸ் 9 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் பேட்டரியை நேராகவும் தலைகீழாகவும் வையுங்கள். எல்லா சேனலும் ஒரே அளவு தள்ளி இருந்தால் காலிபரேஷன்தான் விலகியிருக்கிறது. செல்ஃப் காலிபரேஷன் வசதி இருந்தால் ஓட விடுங்கள். ஒரு சேனல் மட்டும் எதைக் கொடுத்தாலும் ஒரே எண்ணைச் சொன்னால் அதன் உள்ளீடு எரிந்திருக்கிறது, யாரோ 24 வோல்ட்டைக் காட்டியிருப்பார்கள். எரிந்த சேனல் உள்ளே இருக்கும் சுவிட்ச் வழியாகப் பக்கத்துச் சேனல்களையும் கெடுக்கலாம். அதனால் மற்ற சேனல்களையும் ஒன்றுவிடாமல் பேட்டரி வைத்துப் பாருங்கள். அவை தப்பித்திருந்தால், எரிந்த திருகின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, ஸ்கேன் பட்டியலிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிட்டு, சென்சாரைக் காலியாக இருக்கும் வேறு சேனலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.